மரப்பெட்டிக்குள் ஒரு வெயில்: பாம்பு, ஓணான் வளர்ப்பவர்கள் சூட்டை எப்படிக் கையாள வேண்டும்? சிவகாசி, விருதுநகர் பக்கம் ஏன் டபுள் கவனம்?

பூனை, நாய், லவ் பேர்ட்ஸ் வரிசையில் இப்போது பால் பைத்தான், இகுவானா, பியர்டட் டிராகன் எல்லாம் நம்ம ஊர் வீடுகளுக்குள் வந்துவிட்டன. கண்ணாடித் தொட்டி விலை அதிகம், உடையும், சூடு நிற்காது. அதனால் பலரும் தேர்ந்தெடுப்பது பிளைவுட் பெட்டி. தெரிந்த ஆசாரியிடம் சொன்னால் ஒரே வாரத்தில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்து அடித்துக் கொடுத்துவிடுவார். அதற்குள் ஒரு குண்டு பல்ப் மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

பிரச்சினை தொடங்குவதே அங்கேதான். மரப்பெட்டி, உள்ளே 24 மணி நேரமும் எரியும் சூடான பொருள், பக்கத்தில் காய்ந்த தேங்காய் நார், பூட்டிய வீடு. தீ விபத்துக்குத் தேவையான எல்லாமே ஒரே இடத்தில் இருக்கின்றன. அதுவும் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி, பட்டாசு சம்பந்தப்பட்ட வேலை நடக்கும் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் இதை இன்னும் சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிராணிக்கும் வீட்டுக்கும் ஆபத்து இல்லாமல் மரப்பெட்டியைச் சூடாக்குவது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், ஊர்வனவற்றுக்கு ஏன் சூடு?

நம் உடல் சாப்பாட்டை எரித்துத் தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பாம்பு, ஓணான், ஆமைக்கு அந்த வசதி கிடையாது. வெயிலில் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும், நிழலுக்குப் போய்க் குறைத்துக்கொள்ளும். சூடு போதவில்லை என்றால் சாப்பிட்ட இரை செரிக்காது. வாந்தி எடுக்கும், சளி பிடிக்கும், நோய் எதிர்ப்பு குறையும்.

சூட்டில் ஒன்றிரண்டு டிகிரி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-ல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில், சதுப்பு நில முதலைகளின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலையில் அடைகாத்துப் பார்த்தார்கள். ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் ஆகியோர் 1989-ல் வெளியிட்ட முடிவு இது: 28 முதல் 31 டிகிரி வரை வைத்த முட்டைகளில் எல்லாமே பெண் குட்டிகள். 32.5 டிகிரியில் வைத்தவற்றில் ஆண் குட்டிகள்.

ஒன்றரை டிகிரி வித்தியாசத்தில் ஒரு முதலை ஆணா பெண்ணா என்பதே மாறிவிடுகிறது. அப்படியிருக்க, "கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருக்கு" என்ற கணக்கு ஊர்வனவற்றுக்குச் செல்லாது. தெர்மாமீட்டர் கட்டாயம்.

பெட்டி அடிக்கும் முன்: வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

சூட்டை விட முக்கியமான கேள்வி இது. வயலில் கிடைத்த உடும்பு, மலையடிவாரத்தில் பிடித்த மலைப்பாம்பு, யாரோ கொடுத்த நட்சத்திர ஆமை என எதையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. உடும்பும் மலைப்பாம்பும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அதை மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'நான் காப்பாற்றித்தான் வளர்க்கிறேன்' என்பது சட்டத்தின் முன் எடுபடாது. அப்படி ஏதாவது கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி.

வெளிநாட்டு இனங்களுக்கு வேறு விதி. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, அழியும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிரினங்கள் நான்காவது அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. பால் பைத்தான், பச்சை இகுவானா இரண்டும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாட்களுக்குள் பதிய வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், வேறு ஒருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும்.

பாங்காக்கில் இருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் பாம்புகளையும் ஆமைகளையும் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. அப்படிக் கடத்தி வந்த குட்டிகள்தான் கைமாறி ஆன்லைனில் 'சீப் ரேட்'டுக்கு வரும். பில், பதிவுச் சான்று இரண்டும் இல்லை என்றால் வாங்காமல் இருப்பது நல்லது.

விருதுநகர் வெயிலில் ஹீட்டர் தேவையா?

நியாயமான கேள்வி. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் எழுதியவை. அங்கே அறையின் வெப்பநிலை 18 டிகிரி இருக்கும். அதை 32-க்கு ஏற்றுவது அவர்கள் கவலை. நம் ஊரில் கத்திரி வெயில் காலத்தில் வெளியே 40 டிகிரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி ரூம் என்றால் இன்னும் மோசம்.

பொதுவாக வளர்க்கப்படும் மூன்று இனங்களுக்குத் தேவையான சூடு இவ்வளவுதான்:

- பால் பைத்தான்: சூடான பக்கம் 31–33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25–27 டிகிரி. 35-க்கு மேல் தொடர்ந்து போனால் ஆபத்து.
- பச்சை இகுவானா: வெயில் காயும் இடம் 35–38 டிகிரி, மற்ற இடங்கள் 26–29 டிகிரி.
- பியர்டட் டிராகன்: வெயில் காயும் இடம் மட்டும் 38–42 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24–28 டிகிரி.

கவனித்தால் தெரியும்: மூன்றுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது பெட்டி முழுக்க ஒரே சூடு அல்ல. ஒரு மூலை சூடாகவும் எதிர் மூலை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். எங்கே படுப்பது என்பதைப் பிராணி முடிவு செய்துகொள்ளும். அதனால் ஹீட்டர் எப்போதும் ஒரு ஓரத்தில்தான் இருக்க வேண்டும், நடுவில் அல்ல.

இதை நம் ஊர்க் காலண்டரோடு வைத்துப் பார்ப்போம். மார்ச் முதல் செப்டம்பர் வரை பகலில் பால் பைத்தானுக்குப் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களிலும், வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும் மார்கழி, தை இரவுகளிலும்தான் தேவை. ஏசி ஓடும் அறை என்றால் மட்டும் வருடம் முழுக்க வேண்டியிருக்கும். இகுவானா, பியர்டட் டிராகன் போன்ற பகல் நேரப் பிராணிகளுக்கு வெயில் காயும் பல்ப் தினமும் சில மணி நேரம் வேண்டும். கூடவே புற ஊதாக் கதிர் தரும் தனி விளக்கும் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் கிடைக்காது.

கோடையில் நிலைமை தலைகீழ். தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிடும், ஆனால் பெட்டியைக் குளிரவைக்காது. அறையே 39 டிகிரி என்றால் பெட்டியும் 39தான். அந்த நாட்களில் செய்ய வேண்டியவை:

- பெட்டியை மாடியில் இருந்து தரைத் தளத்துக்கு, மேற்குச் சுவர் இல்லாத அறைக்கு மாற்றுங்கள்.
- குளிர்ந்த பக்கத்தில் தண்ணீரில் ஊறவைத்த மண்பானை ஒன்றைக் கவிழ்த்து, பிராணி நுழைய ஒரு வாசல் விட்டு வையுங்கள். பானைத் தண்ணீர் குளிரும் அதே கணக்கில் உள்ளேயும் சூடு இறங்கும்.
- ஐஸ் தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த பக்கத்தில் வைக்கலாம். பிராணி அதன் மேல் நேரடியாகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
- வாய் பிளந்து மூச்சு விடுவது, கண்ணாடியில் முட்டி முட்டி வெளியே வரப் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராமல் கிடப்பது ஆகியவை சூடு தாங்காததன் அறிகுறிகள்.

மரம் நல்லதா, கெட்டதா?

சூட்டைப் பிடித்து வைப்பதில் மரம் கெட்டிக்காரன். கண்ணாடியோடு ஒப்பிட்டால் மரத்தின் வழியாகச் சூடு பல மடங்கு மெதுவாகத்தான் வெளியேறும். கண்ணாடித் தொட்டிக்கு 100 வாட் தேவைப்படும் இடத்தில், நன்றாக மூடிய பிளைவுட் பெட்டிக்குப் பாதி போதலாம். கரண்ட் பில் குறையும். ஆனால் அதே காரணத்தால், தேவைக்கு மேல் வாட் போட்டுவிட்டால் சூடு வெளியேற வழி இல்லாமல் உள்ளேயே ஏறிக்கொண்டே போகும். 

'மரம் தீப்பிடிக்க 250, 300 டிகிரி வேணுமே, நம்ம பல்ப் அவ்வளவா சூடாகும்?' என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்விக்குச் சிவகாசிக்காரர்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். ஒரே மரம்தான். கட்டையாக இருந்தால் அடுப்பில் வைத்து ஊதினாலும் பற்ற நேரமாகும். 2 மில்லிமீட்டர் குச்சியாக இருந்தால் நொடியில் பற்றும். தடிமன், காய்ந்த அளவு, எவ்வளவு நேரம் சூடு படுகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் தீயை முடிவு செய்கின்றன.

இதில் மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டுக்கொண்டே இருந்தால் மரம் ஈரப்பதம் இழந்து, பழுத்து, மெல்ல மெல்லக் கருகும். கருகிய மரம், புது மரத்தைவிட ரொம்பக் குறைந்த சூட்டிலேயே கனிய ஆரம்பித்துவிடும். அதனால்தான் தொடர்ந்து சூடு படும் மரப்பரப்பு சுமார் 77 டிகிரியைத் தாண்டக் கூடாது என்ற கணக்கைத் தீத் தடுப்பு வல்லுநர்கள் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி கிடையாது. ஏழாவது மாதம் அந்தப் பலகை வேறு பலகை.

பெட்டி அடிக்கும்போதே ஆசாரியிடம் சொல்ல வேண்டியவை:

- ஹீட்டர் வரும் இடத்துக்கு மேலேயும் பக்கத்திலும் சிமெண்ட் ஃபைபர் போர்டு அல்லது செராமிக் டைல்ஸ் பதிக்க வேண்டும். அதற்கும் மரத்துக்கும் இடையே அரை அங்குலம் காற்று இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. 
- அலுமினிய ஃபாயில் ஒட்டினால் மட்டும் போதாது. ஃபாயில் கதிர்ச் சூட்டைத் திருப்பி அனுப்பும், ஆனால் ஏறும் சூடான காற்றைத் தடுக்காது.
- காற்றுத் துளைகள் ஒரு பக்கம் கீழேயும் எதிர்ப்பக்கம் மேலேயும் வர வேண்டும். அப்போதுதான் சூடான காற்று மேலே வெளியேறி, புதுக் காற்று கீழே நுழையும்.
- உள்ளே வார்னிஷ், பெயின்ட் அடித்தால் வாசனை முழுவதும் போகும்வரை, குறைந்தது இரண்டு வாரம், திறந்து காயவிட வேண்டும். சூட்டில் அந்தப் புகை மறுபடி வரும். ஊர்வனவற்றின் நுரையீரல் அதைத் தாங்காது.
- தெர்மகோல் ஷீட்டை 'இன்சுலேஷன்' என்று ஒட்டவே கூடாது. அது சூட்டில் உருகும், தீயில் சொட்டுச் சொட்டாக எரியும்.

எந்த ஹீட்டர்?

*குண்டு பல்ப்:* வாங்கும் மின்சாரத்தில் சுமார் 90 சதவீதத்தைச் சூடாக மாற்றிவிடும். வெளிச்சத்துக்கு அது நஷ்டம், ஓணானுக்கு அது லாபம். பகல் நேரப் பிராணிகளுக்கு நல்லது. ஆனால் கண்ணாடியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது.

*செராமிக் ஹீட்டர்:* பல்ப் போலவே ஹோல்டரில் மாட்டலாம், வெளிச்சம் வராது. இரவுக்கு ஏற்றது. இதன் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டும். எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் உருகும், பேக்கலைட் ஹோல்டரில் மாட்டினால் கருகும். செராமிக் ஹோல்டர் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

*ஹீட் மேட்:* அடியில் வைக்கும் தட்டையான பாய். குறைந்த சூடு, குறைந்த மின்சாரம். கண்ணாடித் தொட்டிக்குச் சரி. மரப்பெட்டிக்கு அடியில் வைத்தால் சூடு பலகையிலேயே மாட்டிக்கொள்ளும், மேலே வராது. பெட்டிக்குள் டைல்ஸ் மேல் வைத்து, தெர்மோஸ்டாட் போட்டால் மட்டுமே பாதுகாப்பு.

*ஹீட் ராக்:* கல் வடிவில் விற்கப்படும் ஹீட்டர். தவிர்த்துவிடலாம். ஊர்வனவற்றுக்கு வயிற்றுப்பக்கம் சுடுவது சட்டெனத் தெரியாது. தோல் வெந்த பிறகும் அதன் மேலேயே படுத்திருக்கும்.

எந்த ஹீட்டராக இருந்தாலும் சுற்றிலும் கம்பி வலைக் கூண்டு கட்டாயம். சூடு தேடி வரும் பாம்பு பல்பையே சுற்றிக்கொள்ளும். அந்தத் தீக்காயம் ஆற மாதங்கள் ஆகும், உயிரும் போகலாம். வலைக்கும் பல்புக்கும் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். வலையின் வழியாகப் பாம்பின் தலை நுழையக் கூடாது.

தெர்மோஸ்டாட் இருக்கே, அப்புறம் என்ன பயம்?

இதுதான் மொத்த மேட்டரின் இதயம். தெர்மோஸ்டாட் என்பது சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் கருவி. கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டருக்காக விற்கப்படும் டிஜிட்டல் கன்ட்ரோலர்கள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஊர்வன வளர்ப்பவர்களில் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். வேலை செய்யும். ஆனால் அது கெட்டுப்போகும்போது எப்படிக் கெடும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, ரிலே ஒட்டிக்கொள்வது. உள்ளே இருக்கும் சின்ன ஸ்விட்ச் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை ஆன், ஆஃப் ஆகும். ஒவ்வொரு முறையும் சிறு பொறி தெறிக்கும். ஒரு கட்டத்தில் அந்த இரண்டு உலோக முனைகளும் பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். திரையில் 'ஆஃப்' என்று காட்டும். ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டு, சென்சார் நழுவுவது. ஒயர் முனையில் இருக்கும் சென்சாரைச் செலோடேப் போட்டு ஒட்டியிருப்போம். சூட்டில் பசை விட்டு, சென்சார் பெட்டிக்கு வெளியே விழுந்துவிடும். வெளியே 24 டிகிரி. தெர்மோஸ்டாட் 'இன்னும் 32 வரலையே' என்று நினைத்துக்கொண்டு ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. கருவியில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் உள்ளே பிராணி வெந்துபோகும். பாம்பு தள்ளிவிட்டாலும், சென்சார் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தாலும் இதே கதைதான்.

மூன்று, தவறான இடம். சென்சாரைக் குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டு 32 என்று செட் செய்தால், அந்த மூலை 32 ஆவதற்குள் சூடான மூலை எங்கேயோ போயிருக்கும். சென்சார் இருக்க வேண்டிய இடம் ஹீட்டருக்குக் கீழே, பிராணி படுக்கும் மட்டத்தில். ஒட்டக் கூடாது. ஸ்க்ரூ கிளிப் போட்டு முடுக்க வேண்டும்.

இதற்கு ஒரே தீர்வு, ஒன்றை மட்டும் நம்பாமல் இருப்பது. முதல் தெர்மோஸ்டாட் 32-ல் அணையட்டும். அதே மின்பாதையில் தொடராக இரண்டாவது ஒன்றை 35-க்கு செட் செய்யுங்கள். அதற்குத் தனி சென்சார். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் இரண்டாவது வெட்டிவிடும். மூன்றாவது அரணாக, ரைஸ் குக்கருக்குள் இருப்பது போன்ற தெர்மல் ஃப்யூஸ் ஒன்றை, ஹீட்டருக்கு மேலே உள்ள கூரைப் பலகையில் பொருத்தலாம். 70–80 டிகிரிக்குள் அறுந்துபோகும் ரகம் போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில பத்து ரூபாய்தான். 

இவற்றோடு, தெர்மோஸ்டாட்டின் திரையை மட்டும் நம்பாமல் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று எனத் தனியாக இரண்டு தெர்மாமீட்டர்கள் இருக்கட்டும். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும்.

ஒயரிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

பிராணிகள் பெட்டி என்றால் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் ஓடும். அதிலேயே லேப்டாப், போன் சார்ஜர், டேபிள் ஃபேன். 60 வாட் பல்ப் பெரிய லோடு இல்லைதான். தினமும் 10 மணி நேரம் எரிந்தால் மாதம் 18 யூனிட். ஆனால் லூஸான பிளக் ஒன்று போதும், அந்த இடம் சூடாகிக் கருக. எனவே:

- சுவரில் இருக்கும் சாக்கெட்டில் இருந்து நேரடி இணைப்பு. மூன்று முனை பிளக், சரியான எர்த்.
- 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. தண்ணீர்த் தொட்டியும் ஸ்ப்ரேயும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பதால் இது பிராணிக்கு மட்டும் அல்ல, கை விடும் உங்களுக்கும்தான்.
- ஹீட்டர் அருகே சூடு தாங்கும் ஒயர். சாதாரண பிவிசி ஒயரின் மேலுறை நாளடைவில் இறுகி, வெடித்து உதிரும்.
- ஒயர் மரத்தைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம். 
- பவர் கட் முடிந்து கரண்ட் வரும்போது தெர்மோஸ்டாட் பழைய செட்டிங்கை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று ஒருமுறை ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். சில மலிவு ரகங்கள் வைத்திருக்காது.

எல்லாம் மாட்டி முடித்ததும் பிராணியை உடனே விடாதீர்கள். காலிப் பெட்டியை மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். மதியம் 2 மணி, இரவு 10 மணி, விடியற்காலை 5 மணி எனக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்கு மேலே பெட்டியின் வெளிப்புறக் கூரையில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் வாட்டைக் குறைக்க வேண்டும், அல்லது இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

பட்டாசு ஊரில் கூடுதல் விதிகள்

1920-களில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததில் இருந்து, நூறு வருடமாகச் சிவகாசி நெருப்போடுதான் வாழ்கிறது. இந்த ஊருக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆலைக்குள் கடைப்பிடிக்கும் ஒழுங்கை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தால் போதும்.

பட்டாசு ஆலைகளின் விதிகளைப் பாருங்கள். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே முடிய வேண்டும். கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது. இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: தப்பு நடக்கத்தான் செய்யும், நடந்தால் அது அங்கேயே நிற்க வேண்டும், அடுத்த அறைக்குப் போகக் கூடாது. இரண்டாவது தெர்மோஸ்டாட்டும், டைல்ஸ் பதித்த கூரையும் அதே எண்ணத்தின் வீட்டு வடிவம்.

இதை வைத்துப் பார்த்தால், இந்த வட்டாரத்து வீடுகளில் பெட்டியை எங்கே வைக்கக் கூடாது என்பது தெளிவாகும்:

*தீபாவளி ஸ்டாக் இருக்கும் அறை:* பட்டாசுச் சீட்டு போட்டு வாங்கிய கிஃப்ட் பாக்ஸ், சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எடுத்து வைத்த பார்சல் எனப் பல வீடுகளில் மாதக்கணக்கில் கட்டிலுக்கு அடியில் பட்டாசு இருக்கும். அந்த அறையில் ஹீட்டர் ஓடும் பெட்டி கூடவே கூடாது. அடுத்த அறை, இடையில் கதவு என்பதும் போதாது. பட்டாசு வீட்டில் இருக்கும் நாட்களில் ஹீட்டரை அணைத்துவிடலாம். ஐப்பசியில் அதற்குப் பயந்து ஒன்றும் ஆகாது, ஒரு கனமான துணி மூன்று பக்கமும் போர்த்தினாலே ஓரளவு சூடு நிற்கும். துணியைப் போடும்போது ஹீட்டர் ஆஃபில் இருப்பதை உறுதி செய்யுங்கள்.

*காகித வேலை நடக்கும் இடம்:* குழாய் சுருட்டுவது, தீப்பெட்டி ஒட்டுவது, டைரி, காலண்டர் பைண்டிங் என வீட்டிலேயே காகித வேலை பார்ப்பவர்கள் பலர். காகிதத் தூள் பெட்டியின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் ஹீட்டரில் படியும்.

*வேலை உடை மாற்றும் இடம்:* ஆலையில் இருந்து வருபவர்களின் உடையிலும் தலைமுடியிலும் அலுமினியப் பவுடர் ஒட்டியிருக்கும். அது சூட்டோடு சேர்ந்தாலும் ஆபத்து, ஈரத்தோடு சேர்ந்தாலும் சூடேறும். தினமும் தண்ணீர் தெளித்து, ஹீட்டர் போட்டு வைக்கும் பெட்டியில் இரண்டுமே இருக்கின்றன. வேலையில் இருந்து வந்ததும் குளித்து, உடை மாற்றிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

வெடிமருந்தையோ, திரியையோ வீட்டில் வைத்து வேலை பார்ப்பது சட்டப்படி குற்றம். அப்படி ஒரு வேலை பக்கத்து வீட்டில் நடக்கிறது என்று தெரிந்தாலே, ஹீட்டர் மட்டும் அல்ல, அங்கே குடியிருப்பதே ஆபத்து.

தீப்பிடித்தால்?

முதலில் மெயின் ஸ்விட்ச். கரண்ட் ஓடும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்பொடி தீயணைப்பான் ஒன்று பெட்டிக்குப் பக்கத்தில் அல்ல, அறை வாசலில் இருக்கட்டும். பெட்டி எரியும்போது அதற்குப் பின்னால் போய் எடுக்க முடியாது. பேட்டரியில் ஓடும் புகை எச்சரிக்கைக் கருவியைக் கூரையில் மாட்டினால், தூங்கும்போது அது எழுப்பிவிடும். தீ சின்னதாக இருக்கும்போதே அணையவில்லை என்றால் வெளியேறிவிட்டு 101 அல்லது 112-ஐ அழைக்க வேண்டும்.

பிராணியை எடுக்க உள்ளே ஓடலாமா? இந்த மாவட்டம் அதற்குப் பெரிய விலை கொடுத்துப் பதில் கற்றிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்தவர்கள். அடுத்தடுத்து வெடித்ததில் சிக்கிக்கொண்டார்கள். எரிகிற இடத்துக்குத் திரும்பிப் போகாமல் இருப்பது கல்நெஞ்சம் அல்ல. எவ்வளவு பிரியமான பிராணியாக இருந்தாலும் சரி.

பிராணிக்குத் தீக்காயம் பட்டால் மஞ்சள், பேஸ்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் போடாதீர்கள். சாதாரணத் தண்ணீரில் மெதுவாக நனைத்து, சுத்தமான ஈரத் துணியில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தென் மாவட்டக்காரர்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் தேனியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊர்வனவற்றைப் பார்ப்பார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள

தினமும்:
- இரண்டு தெர்மாமீட்டரையும் பாருங்கள்.
- சென்சார் அதன் இடத்தில் இருக்கிறதா?
- காய்ந்த இலை, நார், உரித்த பாம்புச் சட்டை ஹீட்டர் பக்கம் கிடக்கிறதா?

மாதம் ஒருமுறை:
- ஸ்விட்சை அணைத்து, ஹீட்டர் ஆறிய பிறகு தூசி துடையுங்கள்.
- ஹீட்டரைச் சுற்றியுள்ள பலகை பழுப்பாகிறதா? நிறம் மாறினால் அந்தப் பலகையை மாற்றிவிட வேண்டும். மேலே பெயின்ட் அடித்து மறைக்கக் கூடாது.
- முதல் தெர்மோஸ்டாட்டின் செட்டிங்கை வேண்டுமென்றே 40-க்கு ஏற்றி, இரண்டாவது 35-ல் வெட்டுகிறதா என்று சோதியுங்கள். சோதிக்கும்போது பிராணி வெளியே இருக்க வேண்டும்.

வருடம் ஒருமுறை:
- மலிவு ரக தெர்மோஸ்டாட் நன்றாக ஓடினாலும் மாற்றிவிடுங்கள். ரிலே ஒட்டும் நாளை யாராலும் சொல்ல முடியாது.
- ஹோல்டர், பிளக் முனைகளில் கருகல் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் சேர்த்து ஆகும் கூடுதல் செலவு, இரண்டாவது தெர்மோஸ்டாட், தெர்மல் ஃப்யூஸ், நாலு டைல்ஸ், ஒரு வலை. ஒரு பால் பைத்தான் குட்டிக்குக் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறை. அந்தச் செலவுக்கு இப்போது கையில் காசு இல்லை என்றால், குட்டியை வாங்குவதைத் தள்ளிப்போடலாம். பெட்டியை முதலில் சரியாகச் செய்து முடிப்போம், பிராணி அப்புறம் வரட்டும்.